கடைசிப் படி மூழ்குவதற்குள்

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு கேட்டுக்கு முன்னால் வேனை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் நன்றாகத் தூங்கக் கிடைக்கிற நாள். அன்றைக்கு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. கையுறைகள், இரண்டு பாராங் கத்தி, ஒரு கட்டுச் சாக்கு, கயிறு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் என்று எல்லாவற்றையும் முதல் நாள் சாயங்காலமே, பிள்ளைகள் புத்தகப் பை வைக்கும் இடத்தில் ஏற்றி வைத்திருந்தேன்.

“கோயில் காரியத்துக்கு மாதா கோயிலுக்குப் போற ஒரு வேதக்காரி இந்தக் குதி குதிக்கிறாளே” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

“இது கோயில் காரியம் இல்ல. ஆத்தைச் சுத்தம் பண்ற காரியம். யார் வேணாலும் வரலாம்னு நோட்டீசுல போட்டிருக்கு.”

“ஆமாமா, நீ நோட்டீசப் பாத்துட்டுத்தான் போறே.”

அவருக்குத் தெரியும். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்குமே தெரியும். நான் போனது ஆற்றுக்காக இல்லை, பக்கத்து வீட்டுக்காரிக்காக.

நானும் அவளும் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். லயத்து வரிசை வீட்டில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது. அவள் வீட்டில் கருவாடு பொரித்தால் என் வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றபோது, மகனின் பள்ளிக்கூடத்துக்காக நான் ஒரு மாதம் முன்னாலேயே தாமானுக்குக் குடிவந்துவிட்டேன். அவள் கடைசி நாள் வரை லயத்தில் இருந்துவிட்டு, எனக்கு அடுத்த வீட்டையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். இப்போது நடுவே செங்கல் சுவர். சத்தம் மட்டும் முன்பு மாதிரியேதான் கேட்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் வீட்டுக்காரர் ஏறிப்போன லோரி புக்கிட் செந்தோசா பக்கம் கவிழ்ந்து, அவருடைய இரண்டு கால்களும் நசுங்கிப்போயின. இனி நடப்பது சந்தேகம் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு வேண்டுதல் வைத்தாள். மனுஷன் எழுந்து நடந்தால், திருவிழா அன்று கோயிலுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் இறங்கி, அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு, தலையில் வைத்துச் சன்னதி வரை நடந்து வருவதாக. மனுஷன் நடந்துவிட்டார். தடியை ஊன்றிக்கொண்டு சாய்ந்து சாய்ந்துதான், ஆனால் நடந்தார். குடம்தான் அவள் தலையில் ஏறவில்லை.

ஓடை நாறிக் கிடந்ததுதான் காரணம். முன்பெல்லாம் எங்கள் திருவிழா தொடங்குவதே அந்தப் படித்துறையில்தான். அங்கேயே கரகம் ஜோடித்து, அங்கேயே குடங்களை நிரப்பி, மேளத்தோடு கோயிலுக்கு ஏறி வருவார்கள். குப்பை சேர்ந்து சேர்ந்து, விபத்து நடந்த அதே வருஷம், கோயில் தலைவர் படித்துறைக்குக் குறுக்கே ஒரு சங்கிலியைப் போட்டுவிட்டார். அதிலிருந்து கரகம் கோயில் பின்கட்டில் இருக்கும் பைப்படியில்தான். இவள் வேண்டிக்கொண்டதோ ஆற்றுத் தண்ணீர். பைப்புத் தண்ணீரை மொண்டு கொடுத்து அம்மனை ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை. “வேற ஆத்துக்குப் போனா என்னவாம்?” என்று நான் ஒருமுறை வாயை விட்டுவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்காரர் குளியலறையில் கால் இடறினால், வாசலில் வழுக்கினால், “வேண்டுதல் அப்படியே நிக்கிதுல்லக்கா, அதான்” என்பாள். கொடுத்த காலை அம்மன் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று அவளுக்குப் பயம். அவருக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. படி என்று எதைப் பார்த்தாலும் அவர் நின்றுவிடுவார். எனக்கு இந்தப் பயத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் பயப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை திருவிழா. அதற்கு ஆறு நாள் முன்னால் வரும் சனிக்கிழமை ஆறுகளையும் ஓடைகளையும் சுத்தம் செய்யும் நாள் என்று நோட்டீஸ் வந்ததும், நான் அவளை இழுத்துக்கொண்டு தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். தலைவர் எங்கள் தோட்டத்தில் முன்பு ஆட்களை வேலை வாங்கிய மண்டோர். தோட்டம் போய்விட்டது, மண்டோர் குரல் போகவில்லை.

“இங்க பாருங்கம்மா. சனிக்கிழம காலையில தண்ணி வத்திக் கெடக்கும். பன்னெண்டு மணி வாக்குல கடல் தண்ணி ஏறி வந்து கடைசிப் படி முங்கிரும். அது முங்குறதுக்குள்ள படித்துறைக்கு ரெண்டு பக்கமும் சுத்தமா என் கண்ணுக்குத் தெரியணும். தெரிஞ்சா கரகம் ஆத்துல. தெரியலையா, இந்த வருசமும் பைப்புதான். சும்மா பேச்சு வேணாம்லா.”

“சரி தலைவரே” என்று அவள் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

அதனால்தான் அந்த ஹாரன். அவள் ஒரு பெரிய பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “வந்துட்டேன்க்கா, ஊரையே எழுப்பாதீங்க.” பின்னாலேயே அவள் வீட்டுக்காரர் தடியோடு வந்து முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். சாக்குகளின் வாயைக் கட்டுகிற வேலை தனக்கு என்று அவரே முடிவு செய்திருந்தார்.

படித்துறையில் ஏழு மணிக்கே கூட்டம். தாமான்காரர்கள், புஞ்சாக் ஆலாமிலிருந்து பஸ் பிடித்து வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள், பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துக்காரர்கள், கோயில் பெண்கள். ஓடை அடிவயிறு தெரிய வற்றிக் கிடந்தது. கறுப்புச் சேறு, அதில் பாதி புதைந்த டயர்கள், மெத்தைகள், பெயர் தெரியாத ஏதேதோ. நாற்றம் மூக்கில் அடித்தது. எனக்கோ உள்ளுக்குள் கபடி விளையாடப் போகிறவள் மாதிரி இருந்தது. எப்போது விசில் அடிப்பார்கள், எப்போது இறங்கலாம்!

விசில் தலைவரிடம்தான் இருந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. சங்கிலியைக் கழற்றி மேல் படியில் ஏறி நின்றுகொண்டு, பால் மரக் காட்டைப் பிரிப்பதைப் போலவே ஓடையையும் நிரை நிரையாகப் பிரித்துக் கொடுத்தார். அந்த வளைவு வரை இன்னார், பாலம் வரை இன்னார், அவரவர் நிரையை அவரவர் முடிக்க வேண்டும். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஒரு ஆளுக்கு ஒரு வரிசை மரம் மாதிரி” என்று நான் விளக்கினேன். “ஓ, ஸோன்!” என்றார்கள். படித்துறை நிரையை அவர் எங்கள் இருவருக்கும் பத்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்.

விசில் ஊதியதுதான் தெரியும். முதல் அடியிலேயே என் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது; காலை இழுத்தால் கால் மட்டும் வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பள்ளிக்கூட வேனில் அப்படிச் சிரித்திருந்தால் நடந்து வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு தண்ணீர் ஊறிய மெத்தையை எட்டுப் பேர் பிடித்து, “ஏலேலோ” சொல்லி மேலே ஏற்றினோம். ஹெல்மெட், காற்றாடி, ரைஸ் குக்கர், ஒற்றைச் செருப்புகள், ஒரு முழு ஜன்னல். கீழே கடலோரக் கம்பத்திலிருந்து ஒரு பாக்சிக், வயசான மலாய் மீனவர், தன் ஃபைபர் படகைக் கொண்டுவந்து, எங்களால் தூக்க முடியாததை எல்லாம் கயிறு கட்டி நகர்த்திக் கொடுத்தார். மேலே ரோட்டில் நின்ற குப்பை லோரி ஒரு தடவை நிறைந்து போய்த் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு கையாலும் வாரினாள். அரை மணிக்கொரு தரம் நிமிர்ந்து கடைசிப் படியைப் பார்ப்பாள், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று.

பத்து மணிக்குப் பசியாற மீஹூன் பொட்டலம் வந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டோம். அதற்குள் எங்கள் நிரையில் முக்கால்வாசி முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது படித்துறையை ஒட்டி நிற்கும் பெரம்பாங் மரத்தின் அடிப்பகுதி மட்டும்தான். இருட்டினால் மின்மினி அடைகிற மரம் அது. அதன் வேர்கள் சேற்றிலிருந்து ஆணி ஆணியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும், எது வந்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

“இன்னும் ஒரு மணி நேர வேலதான்டி” என்றேன் அவளிடம். “முடிச்சிட்டோம்னு வெச்சுக்கோ.”

அப்போதுதான் ஒரு பெண் பிள்ளை வேர்களுக்கு நடுவிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை உருவினாள். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. சாமி படங்கள். அடுக்கடுக்காக, சேறு மூடி, வேர்களுக்குள் சொருகிக் கிடந்தன. கண்ணாடிக்குள் பாதிப் படங்கள் வெளுத்து வெறும் தாளாகிவிட்டன. சிலவற்றில் ஒரு வேல் மட்டும் மிஞ்சியிருந்தது, சிலவற்றில் ஒரு பாதம் மட்டும். மூக்கு உடைந்த பிள்ளையார், காமாட்சி விளக்கு, வர்ணம் போன ஒரு மயில்.

அந்தப் பிள்ளை ஒரு படத்தைக் கறுப்புப் பைக்குள் போடக் கையை நீட்டியது. “ஏய், ஏய், ஏய்!” என்று மூன்று பக்கத்திலிருந்தும் குரல் எழுந்தது. அவ்வளவுதான். ஓடை முழுக்க வேலை நின்றுவிட்டது. தங்கள் நிரையை விட்டுவிட்டு ஆளாளுக்கு வந்து சூழ்ந்துகொண்டார்கள். கோயில் பெண்கள் பூட்ஸைக் கழற்றினார்கள். கையுறையைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“சாமி படத்தக் குப்பப் பையில போடலாமா? பாவம்லா.”

“பின்ன என்ன செய்றது?”

“ஓடுற தண்ணியிலதான் விடணும். அதான் வழக்கம்.”

“விட்டதுனாலதானே இங்க கெடக்கு!” என்று நான் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை.

படகில் இருந்த பாக்சிக் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மலாயில் மெதுவாகத்தான் சொன்னார். தோட்டத்து ஆட்களுக்கு ஆறு என்றால் ஒரே பக்கமாக ஓடும் என்று நினைப்பு. இந்த ஓடை அப்படி இல்லை. கடல் ஏறுகிற நேரத்தில் போட்டால், போட்டதைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த வேரிலேயே செருகிவிட்டுப் போகும். கடல் வற்றுகிற நேரத்தில் போட்டது எங்கள் வலைக்கு வரும். வந்தால் நாங்கள் படகுத்துறையில் சாய்த்து வைப்போம், உங்கள் ஆள் யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று. இதுவரை யாரும் வந்ததில்லை.

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்கு முகம் வெளிறிவிட்டது. தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது. மேல் படியில் நின்றபடியே விசிலை ஒருமுறை ஊதினார்.

“மூனு வருசமா எந்தப் பயலால படித்துறையப் பூட்டி வெச்சிருந்தேன்னு இப்பத் தெரியிதுல்ல? சாமியக் கொண்டாந்து சாக்கடையில போட்டிருக்கானுங்க! இதப் போட்டவன் எவனா இருந்தாலும் சரி, அவன் வீட்டுக் குடம் இந்தப் படியில எறங்காது. சொல்லிட்டேன்.”

வயசானவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாமிக்காக வருத்தப்படுகிறார்கள் என்று நான் நினைத்தேன். மணி பதினொன்று ஐந்து. தண்ணீர் கடைசிப் படிக்கு ஒரு முழம் கீழே வந்துவிட்டது.

தலைவர் என்னைப் பார்த்தார். “நீங்க வேதக்காரங்கதானே. ஒங்களுக்கு இது பாவம் இல்ல. நீங்களே எல்லாத்தையும் சாக்குல அள்ளிப் போடுங்கம்மா. நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம்.”

உண்மையாகவே எல்லாரும் திரும்பிக்கொண்டார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது. “குடுங்க, இதுல என்ன இருக்கு” என்று ஒரு படத்தை வாங்கினேன். சட்டத்தின் மூலையில் சந்தனம் வைத்து வைத்து ஒரு மேடு தட்டியிருந்தது. அத்தனை வருஷம் சேற்றில் கிடந்தும் அது போகவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை யாரோ ஒருத்தி குளித்துவிட்டு வந்து அதே இடத்தில் விரலை வைத்திருப்பாள். சாக்கை விரித்துப் பிடித்தேன். கை போகவில்லை. என்னைக் கேட்டால் எனக்கே காரணம் தெரியாது. என் வீட்டில் கை உடைந்த மாதா சுரூபம் ஒன்று எட்டு வருஷமாக அரிசி டின்னுக்குப் பின்னால் நிற்கிறது. உடைந்ததை வைத்திருக்கவும் மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. அதைப் பற்றி நான் என் வீட்டுக்காரரிடம்கூடப் பேசியதில்லை.

“என்னால முடியாது தலைவரே” என்றேன். “இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க எல்லாரும்.”

“என்னம்மா இது, நேரம் போவுதே!”

“நேரம் போவுதுன்னு எனக்கும் தெரியும். கேளுங்க. எங்க குருத்தோலை ஞாயித்துக்கு மந்திரிச்ச ஓலையை வீட்டுக்குக் கொண்டு போவோம். அது காஞ்சுபோனா குப்பையில போட மாட்டோம், ஆத்துலயும் விட மாட்டோம். அடுத்த வருசம் திருநீத்துப் புதனுக்கு முன்னாடி எல்லா வீட்டு ஓலையும் எங்க கோயிலுக்கே திரும்ப வந்துரும். சாமியார் எரிச்சு, அந்தச் சாம்பலத்தான் நெத்தியில பூசுவாரு. குடுத்த எடமே திரும்ப வாங்கிக்கும். ஒங்க கோயில்ல வாங்கிக்க ஒரு எடம் இல்லன்னுதானே இதெல்லாம் ஆத்துக்கு வருது?”

தலைவர் தாடையைச் சொறிந்தார். அவர் யோசிக்கிறார் என்றால் அப்படித்தான்.

“பின்கட்டுல ஒரு மூல இருக்கு” என்றார் கடைசியில். “அங்க கழுவி வெச்சு, தாளை ஓமத்துல போட்டுக்கலாம். குருக்கள கேட்டுக்குறேன். ஆனா குப்ப லோரியில ஏத்த முடியாது. எதுல கொண்டு போறது?”

“என் வேன்ல.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. செருப்பில் ஒரு பொட்டு மண் இருந்தாலும் பிள்ளைகளை ஏற்றாத வேன் அது. என் பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். கையெடுத்துக் கும்பிட வந்தாள். “போடி, வேலயப் பாரு” என்று விரட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு கூத்து. வேரிலிருந்து படி வரை, படியிலிருந்து ரோடு வரை, எல்லாரும் வரிசையாக நின்றார்கள். தமிழர், மலாய்க்காரர், தாமான் சீனர் என்று வித்தியாசம் இல்லை. ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் படங்கள் ஏறிப்போயின. ஒன்றும் கீழே விழவில்லை. வேனில் என் இருக்கைகளில் சாமிகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பல்கலைக்கழகப் பையன் ஒருவன் மூக்கு உடைந்த பிள்ளையாருக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டான். வரிசை முழுக்கச் சிரிப்பு கிளம்பிக் கடைசி ஆள் வரை போனது. கோயில் பெண்களும் சிரித்தார்கள். பாவம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் வேனுக்கும் படிக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வேர்களுக்கு நடுவே அசையாமல் நின்றாள். கையில் ஒரு படம். தாள் முழுக்க வெளுத்துவிட்டது, ஆனால் கண்ணாடியின் அடியில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது அழியவில்லை. ‘திருமண அன்பளிப்பு, வெளிக்காட்டுத் தோழிகள்.’ காட்டில் அவளோடு களை எடுத்த பெண்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த படம். லயத்தில் அவள் வீட்டு நடுச்சுவரில் அதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

“அக்கா” என்றாள். “இது என்னோடது.”

தலைவர் பத்தடி தள்ளி மேலேதான் நிற்கிறார். போட்டவர் வீட்டுக் குடம் இறங்காது என்று ஊரறியச் சொன்ன வாய் இன்னும் மூடவில்லை.

“குடு இங்க” என்று பிடுங்கி, எழுத்து தெரியாமல் என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். “வாயத் தெறக்காத. ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழம வரைக்கும் வாயத் தெறக்காத, நான் சொல்றதக் கேளு.”

“நான்தான்க்கா என் வேண்டுதலையே அடச்சு வெச்சிருக்கேன்.”

“சரி, இப்ப எடுத்துட்டேல்ல. வாரு!”

அவள் வாரினாள். நான் அவள் படத்தை வேனின் கடைசி இருக்கையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடி வந்தேன். தண்ணீர் கடைசிப் படியின் விளிம்பை நக்கத் தொடங்கியிருந்தது. வேர்களில் மிச்சம் இருந்த பிளாஸ்டிக், நூல், கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் முழங்கால் தண்ணீரில் குனிந்து தடவித் தடவி எடுத்தோம். பாக்சிக் படகிலிருந்து கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். கடைசிச் சாக்கை அவள் வீட்டுக்காரர் இறுக்கிக் கட்டினார். பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். கடைசிப் படியில் ஒரு ஓரம் இன்னும் காய்ந்தே இருந்தது.

தலைவர் வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். அவசரப்படவே இல்லை. கரை சுத்தமாக, வெறுமையாகக் கிடந்தது; பெரம்பாங் மரத்து வேர்கள் கழுவிய மாதிரி நின்றன.

“சரி” என்றார். “கரகம் ஆத்துல.”

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். யாரோ ஒரு பழைய தகரத்தில் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் குதித்தேன். ஐம்பத்திரண்டு வயதில், சேற்றில், ஒற்றைப் பூட்ஸோடு குதித்தேன். அவளைக் கட்டிப்பிடிக்கலாம் என்று திரும்பினால் அவள் பக்கத்தில் இல்லை. படிகளில் பாதி ஏறிப்போய்த் தலைவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம்டி, வேண்டாம்டி என்று மனசுக்குள் சொன்னேன்.

“தலைவரே, ஒன்னு சொல்லணும். அந்தப் படங்கள்ல என் வீட்டுப் படமும் இருக்கு. நானும் போட்டிருக்கேன். அத மறச்சிட்டுக் குடம் எடுத்தா எனக்கு ஆகாது. நீங்க வேணாம்னா நான் எறங்கல.”

தகரச் சத்தம் நின்றுவிட்டது. தலைவரின் முகம் சிவந்தது. இவள் வேண்டுதல் தெரியாதவர் அங்கே யாரும் கிடையாது. அவருக்கும் தெரியும். ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே.

“ஏம்மா” என்று கத்தினார், “அறிவு வேணாமா? யாரு ஒங்கள இங்க கொண்டாந்து போடச் சொன்னது?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குத்திக் காட்டுகிற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

“நீங்கதான் தலைவரே.”

“நானா?”

“லயத்தக் காலி பண்ணின அன்னிக்கி. புது வீடு சின்னது, இத்தன படத்துக்கு எடம் பத்தாது, எல்லாத்தையும் மரியாதயா ஆத்துல விட்டுருவோம்னு வீடு வீடா வந்து சொன்னீங்க. லோரியும் நீங்கதான் கொண்டாந்தீங்க. இந்தப் படியில நின்னு சூடம் கொளுத்தி, மொத படத்த நீங்கதான் விட்டீங்க. அதப் பாத்துட்டுத்தான் நாங்க எல்லாம் விட்டோம்.”

நான் அன்றைக்கு லயத்தில் இல்லை. எனக்கு இது புதிய செய்தி. சுற்றிப் பார்த்தேன். வயசானவர்கள் ஒருவர் பாக்கி இல்லாமல் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. மண்டோர் விசில் ஊதிக் கத்தும்போது எவருக்கும் வாய் வரவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் கையால் வாயைப் பொத்தினேன், கை முழுக்கச் சேறு.

தலைவர் ரோட்டில் நிற்கும் என் வேனைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி வழியாகச் சாமிகள் வரிசையாகத் தெரிந்தார்கள்.

“கடலுக்குப் போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்” என்றார். அந்தக் குரலில் மண்டோர் இல்லை. “இத்தன வருசமும் கடலுக்குப் போயிருச்சுன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார். காலுறையை உருவி ஷூவுக்குள் சொருகினார். காலையிலிருந்து மேல் படியை விட்டு அசையாத மனுஷன், காற்சட்டையை மடிக்கக்கூட இல்லாமல் ஒவ்வொரு படியாக இறங்கி, மூழ்கிவிட்ட கடைசிப் படியில் போய் நின்றார். தண்ணீர் அவர் கணுக்காலுக்கு மேலே ஏறியது. குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழம மொதக் குடம் ஒன்னோடதும்மா” என்றார் அவளிடம். பிறகு சாக்குக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். “ஏம்பா, நீயும்தானே அவ கூட எறங்கணும். இப்பவே வந்து பாரு. நான் பிடிச்சுக்கிறேன்.”

அவர் எழுந்து படிகளுக்கு முன்னால் வந்து நின்றார். வழக்கம்போல நின்றேவிட்டார். யாரும் கை கொடுக்கப் போகவில்லை. அவள் நடுப்படியிலேயே இரண்டு கையையும் மார்பில் கோத்துக்கொண்டு நின்றாள். அவர் தடியை முதல் படியில் ஊன்றினார். ஒரு கால், பிறகு இன்னொரு கால். அவளைத் தாண்டிப் போனார். ஈரப் படிகளில் அவர் தடி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசிப் படியில் தண்ணீருக்குள் காலை வைத்துத் தடவிப் பார்த்தார். தலைவர் நீட்டிய கையை அவர் பிடிக்கவே இல்லை. நேராக நின்றுகொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“வழுக்கல” என்றார். “நீயும் வா.”

அவள் இறங்கினாள்.